டோக்கியோ டிஸ்னிலாண்ட் தகர டப்பா சாக்லேட் கிரஞ்ச்: காசுக்குத் தகுமா, யாருக்கு வாங்கலாம்?

காசாய்வாசி:

டோக்கியோ டிஸ்னிலாண்ட் போய்விட்டு வருகிறவர்கள் கையில் கட்டாயம் இருக்கிற பொருள் ஒன்று உண்டென்றால் அது மிக்கி, மின்னி படம் அச்சடித்த தகர டப்பாவில் வரும் சாக்லேட் கிரஞ்ச்தான். தமிழில் தேடிப் பார்த்தால் "சூப்பர், க்யூட்" என்பதோடு எல்லாரும் முடித்துவிடுகிறார்கள். வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் நிறைய இருக்கிறது, அதனால் ஓர் இழை தொடங்கலாம் என்று நினைத்தேன்.

நான் இருப்பது டோக்கியோவில் நிஷி-காசாய் பக்கம். எடோகாவா வட்டாரத்தில் நம்மூர் ஐ.டி. குடும்பங்கள் எவ்வளவு என்று ஜப்பானில் இருப்பவர்களுக்குத் தெரியும். பக்கத்துக் காசாய் நிலையத்திலிருந்து டிஸ்னிக்கு நேரடிப் பேருந்தே இருக்கிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாள் அங்கேதான் போகும், திரும்பி வரும்போது டப்பாவும் வரும்.

முதலில் ருசி. மூடியைச் சுற்றி ஒட்டிய டேப்பை உரித்தால் உள்ளே ஒவ்வொரு துண்டும் தனித்தனிப் பொட்டலமாக இருக்கும். பொட்டலத்தைக் கிழித்தால் ஒரே வாயில் போட்டுக்கொள்கிற அளவு சின்னக் கட்டி, மேலே கரடுமுரடாக, மில்க் சாக்லேட்டில் பொரி கோத்த மாதிரி. கடித்தவுடன் மொறுமொறு என்று உடைந்து அப்புறம் சாக்லேட் மெதுவாகக் கரைகிறது. இனிப்பு நம்மூர் அளவுக்குத் திகட்டாது. நன்றாக இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் சாக்லேட்டுக்காக மட்டும் என்றால் ஜப்பானில் எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் இந்த ருசிக்குக் குறையாத ஒன்றை இதைவிட ரொம்பக் குறைந்த விலைக்கு வாங்கிவிடலாம்.

இதை வெறும் தின்பண்டமாக மட்டும் எடை போடுவது சரியில்லை என்பதுதான் என் கட்சி. இது பங்கிட்டுக் கொடுப்பதற்கென்றே செய்த பண்டம். ஜப்பானில் ஓர் இடத்துக்குப் போய் வந்தால் அலுவலகத்துக்கு 'ஒமியாகே' வாங்கி வருவது ஏறக்குறைய கடமை மாதிரி. ஆளுக்கொன்று மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள், அந்த ஆள் அன்று விடுமுறையில் இருந்தாலும் மறுநாள் வந்து எடுத்துக்கொள்வார். நம்மூர் திருநெல்வேலி அல்வாவை அப்படி மேசை மேசையாக வைத்துவிட்டு வர முடியுமா? எண்ணெய்த்தாளைப் பிரித்து, கரண்டி தேடி, எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தால்தான் அது நடக்கும். இங்கே தனிப் பொட்டலம், கையில் ஒட்டாத பண்டம், சில மாதம் தாங்கும் கெடு, டப்பாவில் இத்தனை துண்டு என்று அச்சிட்ட எண்ணிக்கை, எல்லாமே கொடுக்கிறவர் வசதிக்காக யோசித்துச் செய்தவை. அந்த அளவுகோலில் வைத்தால் இதற்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

மற்றவர்கள் சொல்லுங்கள். குறிப்பாக ஊருக்குக் கொண்டுபோனவர்கள்.

—

சிங்கை_தம்பி:

அண்ணா, ருசி சுமார்தான் என்று நீங்களே சொல்லிவிட்டு முழு மதிப்பெண் என்றால் எப்படி? எனக்கு இந்தப் பூங்காக் கடை இனிப்புகள் எல்லாமே ஒன்றுதான். செந்தோசா யூனிவர்சல் ஸ்டுடியோஸ் ஆனாலும் சரி, டோக்கியோ ஆனாலும் சரி, படத்துக்குத்தான் காசு. படத்தை எடுத்துவிட்டு அதே சாக்லேட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

—

காசாய்வாசி:

தம்பி, பிளாஸ்டிக் பையில் போட்டாலும் அலுவலகத்தில் காலியாகிவிடும், அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ருசி சுமார் என்று நான் சொல்லவில்லை, நன்றாக இருக்கிறது என்றுதான் எழுதினேன், விலைக்கு ஏற்ற ருசியா என்பது தனிக் கேள்வி. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் இருக்கும் தேங்காயை யாரும் கடைத் தேங்காயோடு விலை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லையே. நீ இதை உனக்கே வாங்கித் தின்றால் நட்டம்தான். நாலு பேருக்குக் கொடுக்க வாங்கினால் கணக்கே வேறு.

—

யொகோஹாமா_அக்கா:

இழைக்கு நன்றி. பல வருடமாக இங்கே இருக்கிறேன், இரண்டு பிள்ளைகள், அதனால் டிஸ்னி டப்பாக்கள் எங்கள் சமையலறையில் கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாவற்றுக்கும் வீடாகிவிட்டன.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். டப்பா வாங்க உள்ளே நுழைவுச்சீட்டு எடுத்துப் போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஜே.ஆர். கெய்யோ பாதையில் மைஹாமா நிலையத்தில் இறங்கி டிஸ்னிலாண்ட் பக்கம் நடந்தால் வழியிலேயே 'போன் வோயாஜ்' என்ற பெரிய கடை வரும். கட்டடமே பழைய காலப் பெட்டியும் தொப்பிப் பெட்டியும் போலக் கட்டியிருப்பார்கள், தவறவிட முடியாது. டிஸ்னிலாண்ட், அதன் பக்கத்துப் பூங்காவான டிஸ்னிசீ இரண்டின் பொருட்களும் அங்கே கிடைக்கும். எல்லாமே கிடைக்கும் என்று சொல்லமாட்டேன், சில சரக்கு உள்ளே மட்டும்தான். ஊருக்குக் கிளம்பும் முன் பத்துப் பேருக்கு வாங்க வேண்டும் என்றால் அது போதும்.

உள்ளே போகிறவர்கள் ராத்திரி பூட்டும் நேரத்துக்கு டிஸ்னிலாண்ட் வாசல் அருகே இருக்கும் வேர்ல்ட் பஜார் கடைகளில் நுழையாதீர்கள். வாணவேடிக்கை முடிந்ததும் மொத்தக் கூட்டமும் அங்கேதான் வந்து விழும். மதியம் மூன்று மணி வாக்கில் வாங்கிக் காசு போடும் லாக்கரில் வைத்துவிட்டுச் சுற்றப் போங்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அந்த வரிசையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும் கஷ்டம்.

—

தகரப்பிரியன்:

டப்பாவைப் பற்றி யாரும் பேசாததால் நான் பேசுகிறேன். எனக்கு இனிப்பு இரண்டாம்பட்சம், டப்பாதான் முதல்.

டோக்கியோ டிஸ்னிலாண்ட் 1983 ஏப்ரல் 15 அன்று திறந்தது, டிஸ்னிசீ 2001 செப்டம்பர் 4. இரண்டையும் நடத்துவது டிஸ்னி இல்லை, ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானியக் கம்பெனி, டிஸ்னியிடம் உரிமம் வாங்கி நடத்துகிறது. இங்கே இனிப்புக்கு இவ்வளவு இடம் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அமெரிக்கப் பூங்காக்களில் தொப்பியும் சட்டையும்தான் முன்னால் நிற்கும், இங்கே தின்பண்டத்துக்கென்றே பெரிய கடைகள். வாங்குகிற கூட்டம் பெரும்பாலும் ஜப்பான்காரர்கள், அவர்களுக்குத் திங்கட்கிழமை ஆபீஸுக்குக் கொண்டுபோக ஏதாவது வேண்டும்.

டப்பா மாறிக்கொண்டே இருக்கும். ஹாலோவீனுக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று, ஆண்டு விழாவுக்கு ஒன்று. 2023 ஏப்ரலில் தொடங்கி ஒரு வருடம் நாற்பதாம் ஆண்டு விழா நடந்தது, அப்போது வந்த டப்பாக்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன். மூடியில் எழுத்து லேசாகப் புடைத்து நிற்கும்படி அழுத்தி அச்சடித்திருப்பார்கள், விரலால் தடவினாலே தெரியும். விளிம்பு கையை அறுக்காதபடி உள்பக்கம் சுருட்டி மடித்திருப்பார்கள். மட்டமான டப்பாவில் அந்த மடிப்பு இருக்காது, இருந்தாலும் அரைகுறையாக இருக்கும். நான் எந்தக் கடையில் தகர டப்பா வாங்கினாலும் முதலில் தடவிப் பார்ப்பது அந்த விளிம்பைத்தான்.

டிஸ்னிசீ பக்கம் போனால் டஃபி கரடியும் அதன் நண்பர்களும். அந்தக் கரடிக்கு டஃபி என்ற பெயர் வந்தது 2005-இல், அங்கேதான். அந்த டப்பாக்களுக்குத் தனி ரசிகர் கூட்டம் உண்டு.

கடைசியாக ஒன்று: மறுவிற்பனைத் தளங்களில் 'தீர்ந்துபோன பதிப்பு' என்று இரண்டு மடங்கு விலை சொல்லி விற்பார்கள். காலி டப்பா என்றால் உங்கள் விருப்பம். உள்ளே பண்டத்தோடு வாங்காதீர்கள், அது எந்த வெயிலில் எத்தனை நாள் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

—

மதுரை_மல்லி:

நான் மே மாதம் குடும்பத்தோடு டோக்கியோ வருகிறேன், திரும்பும்போது நேராக மதுரை. அக்னி நட்சத்திர நேரம். சாக்லேட் கிரஞ்ச் தாங்குமா? தெருவில் எல்லாப் பிள்ளைகளும் கேட்டு வைத்திருக்கிறார்கள்.

—

கோவை_பேக்கர்:

சகோதரி, உங்களுக்கு நான் பதில் சொல்கிறேன், இது என் தொழில்.

சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வாயில் கரைவதற்குக் காரணமும் அதுதான், உடம்பின் சூடு அதைவிட ஒரு பிடி அதிகம். மே மாத மதுரையில் மின்விசிறி ஓடும் அறையே 34-ஐத் தாண்டும். ஜப்பானிய சாக்லேட் உறைகளில் 28 டிகிரிக்குக் கீழே வையுங்கள் என்று அச்சிட்டிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். ஏ.சி. இல்லாத வீட்டில் மே மாதம் அது நடக்காத காரியம்.

உருகித் திரும்ப இறுகினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் நிறையப் பேர் பூஞ்சை என்று நினைத்துக் குப்பையில் போடுகிறார்கள். கோகோ வெண்ணெய் பல வகையான படிகமாக இறுகக்கூடியது. தொழிற்சாலையில் சூட்டைக் கணக்காக ஏற்றி இறக்கி, பளபளப்பும் 'டக்' என்று உடையும் தன்மையும் தருகிற ஒரு வகைப் படிகம் மட்டும் உருவாகும்படி செய்வோம், அதைத்தான் டெம்பரிங் என்கிறோம். பெட்டிக்குள் தானாக உருகித் தானாக இறுகும்போது அந்த ஒழுங்கு கலைந்துபோய்க் கொழுப்பு மேலே வந்து சாம்பல் நிறப் படலமாகப் படியும். தொட்டால் விரல் சூட்டில் மறையும், ஊசிப்போன வாடை இருக்காது. சாப்பிட ஒன்றும் ஆகாது, ஆனால் உதட்டில் மணல் மாதிரி நெருடும், பளபளப்பு போய்விடும். பூஞ்சை என்றால் பஞ்சு மாதிரி நூல் நூலாக எழும்பும், வாடையும் சேர்ந்து வரும். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கிரஞ்சுக்கு இன்னொரு பிரச்சினை உண்டு. சாக்லேட் உருகினால் பொரியைச் சுற்றி இருக்கும் பூச்சு இளகும், அதற்கப்புறம் காற்று ஈரம் உள்ளே போய்ப் பொரி நமுத்துவிடும். தனிப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தால் ஓரளவு காப்பாற்றும். பிரித்த பிறகு நம்மூர் மழைக்காலத்தில் அரை நாள்கூடத் தாங்காது.

அதனால் மே மாதத்துக்கு என் ஆலோசனை: சாக்லேட்டை விட்டுவிட்டு அடுப்பில் சுட்ட வகைக்குப் போங்கள். குக்கீ, ஃபினான்சியே மாதிரி சின்ன கேக், அரிசி அப்பளம் போன்ற செம்பெய். டிஸ்னி கடையில் இவையும் டப்பாவில் வருகின்றன. சாக்லேட்தான் வேண்டும் என்றால் டப்பாவைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், இறங்கியதும் கார் டிக்கியில் போடாதீர்கள். விமானத்தின் சரக்கறை குளிர்ச்சியாகத்தான் இருக்கும், பண்டத்தைக் கெடுப்பது விமான நிலையத்திலிருந்து வீடு வரைக்குமான அந்தச் சில மணி நேரம்தான்.

—

மதுரை_மல்லி:

ரொம்ப நன்றி அண்ணா. ஜெல்லி, புட்டிங் மாதிரி அழகழகாக வருகிறதே, அது?

—

யொகோஹாமா_அக்கா:

வேண்டாம்மா. புட்டிங், ஜெல்லி இரண்டையும் சர்வதேச விமானத்தில் திரவமாகத்தான் கணக்கில் எடுப்பார்கள், நூறு மில்லிக்கு மேல் இருந்தால் கைப்பையில் விடமாட்டார்கள். பூங்காவில் விற்கும் மூன்று கண் பச்சை வேற்றுக்கிரக ஆள் உருவ மோச்சியையும் (அரிசி மாவுக் கொழுக்கட்டை மாதிரி) ஊருக்குக் கொண்டுபோக நினைக்காதே, உள்ளே கஸ்டர்ட், சாக்லேட், ஸ்ட்ராபெரி என்று கிரீம் வைத்திருப்பார்கள், அங்கேயே நின்று சாப்பிட வேண்டியது. பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும், தவறவிடாதே.

—

காயல்காற்று:

எல்லாரும் ருசி, வெயில் என்று பேசுகிறீர்கள், எங்கள் வீட்டில் முதல் கேள்வி உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான். என் மச்சான் போன வருடம் ஒரு பெட்டி கொண்டுவந்தார் (எந்தக் கடை என்பது வேண்டாம்), எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் அதில் மது சேர்த்திருப்பது தெரிந்தது, உம்மா அழுதுவிட்டார். டிஸ்னி டப்பாவில் ஜெலட்டின், மது, பன்றிக் கொழுப்பு இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கேள்வி இருக்கும்.

—

காசாய்வாசி:

சகோ, அம்மா மனது எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும் என்று புரிகிறது. இதைத்தான் நான் விரிவாக எழுத நினைத்தேன். எங்கள் வீடும் சைவம்.

டப்பாவின் மேல்பக்கம் அழகுக்கு, விஷயம் எல்லாம் அடிப்பக்கத்தில். கையில் எடுத்ததும் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு சிறு கட்டம் இருக்கும், வரி வரியாக. முதல் வரி பண்டத்தின் வகை. இரண்டாவது சேர்மானம். அப்புறம் அளவு, கெடு, எப்படி வைப்பது, கடைசியில் விற்பவர் பெயர். ஜப்பானிய உணவுச் சட்டப்படி சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதற்கு வரிசையாக எழுத வேண்டும். 2015-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, உணவுப் பொருள் எங்கே முடிகிறது, சேர்க்கைப் பொருள் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டுகிறார்கள், பெரும்பாலும் ஒரு சாய்கோடு போட்டு. அந்தச் சாய்கோட்டுக்கு அப்புறம் வருவது குழம்பாக்கி (கலவை பிரியாமல் சேர்த்து வைக்கும் பொருள்), மணம், நிறம் வகையறா.

ஃபோனில் கேமரா மொழிபெயர்ப்பைத் திறந்து அந்தக் கட்டத்தின் மேல் பிடித்தாலே போதும். தேட வேண்டியவை: ஜெலட்டின், ஷார்ட்னிங், மார்கரின், 'மேற்கத்திய மது' என்று மொழிபெயர்ப்பில் வருவது. கடைசியானதுதான் நம் ஆட்கள் தவறவிடுவது. கேக், ஃபினான்சியே, திராட்சை போட்ட பண்டங்களில் மணத்துக்காகக் கொஞ்சம் ரம்மோ பிராந்தியோ சேர்ப்பது ஜப்பானில் சர்வ சாதாரணம், அதை மறைக்கமாட்டார்கள், சேர்மானத்தில் எழுதியிருப்பார்கள். ஷார்ட்னிங், மார்கரின் இரண்டும் தாவரக் கொழுப்பாகவும் இருக்கலாம், மிருகக் கொழுப்பு கலந்தும் இருக்கலாம், பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 'தாவர எண்ணெய்' என்று எழுதியிருந்தால் நிம்மதி.

சாக்லேட்டில் குழம்பாக்கி என்று இருந்தால் பயப்படவேண்டாம் என்று நிறையப் பேர் சொல்வார்கள், சாக்லேட்டில் போடுவது பெரும்பாலும் சோயா லெசித்தின் என்பது உண்மைதான். ஆனாலும் கட்டத்தின் கடைசியில் ஒவ்வாமைக் குறிப்பில் சோயா வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பன்றி, மாடு, ஜெலட்டின் எல்லாம் அந்த ஒவ்வாமைப் பட்டியலில் 'எழுதினால் நல்லது' என்ற பகுதியில்தான் வருகின்றன, கட்டாயம் இல்லை. அதனால் ஒவ்வாமைக் குறிப்பில் பன்றி இல்லையே என்று மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், சேர்மானத்தையும் படியுங்கள்.

ஹலால் முத்திரை கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு இது போதாது, நான் பார்த்த டப்பாக்களில் அந்த முத்திரை இல்லை. சேர்மானம் பார்த்து முடிவு செய்கிற வீடு என்றால் சாக்லேட் கிரஞ்ச் மாதிரி எளிய பண்டம் கேக் வகையைவிடச் சுலபம், வரியே சின்னதாக இருக்கும். ஒரு டப்பா சரி என்றால் பக்கத்து டப்பாவும் சரி என்று எடுத்துவிட வேண்டாம், ஸ்ட்ராபெரி வகைக்கும் சாதா வகைக்கும் சேர்மானம் வேறு.

—

காயல்காற்று:

அல்ஹம்துலில்லாஹ், இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. இதைக் குடும்பக் குழுவில் போடப் போகிறேன். கோவை அண்ணன் சுட்ட வகைக்குப் போகச் சொன்னார், நீங்கள் அதில்தான் மது வரலாம் என்கிறீர்கள், அப்போது செம்பெய் பக்கம் போவதே மேல் போலிருக்கிறது.

—

கோவை_பேக்கர்:

ஆமாம் பாய், நல்ல பிடி. செம்பெய்யில் பெரும்பாலும் சோயா சாஸ் இருக்கும், அதன் நொதிப்பில் இயல்பாகக் கொஞ்சம் மது உண்டாகும், சிலதில் மிரின் என்ற சமையல் மதுவும் சேர்ப்பார்கள். உங்கள் வீட்டில் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உப்பு மட்டும் போட்டதும் கிடைக்கும். சாதா வெண்ணெய்க் குக்கீயும் பார்க்கலாம், அதில் மது போடுவது குறைவு.

காசாய்வாசி சொன்ன முதல் வரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அது. ஜப்பானில் எதை வேண்டுமானாலும் சாக்லேட் என்று எழுதிவிட முடியாது. சாக்லேட் என்று பெயர் வாங்க, கலவையில் கோகோ 35 சதவீதத்துக்குக் குறையாமல், அதற்குள் கோகோ வெண்ணெய் 18-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். பால் சேர்த்ததற்குக் கோகோ அளவில் சலுகை உண்டு. அதற்குக் கீழே போனால் 'அரைச் சாக்லேட்' என்று பொருள் தரும் வேறு பெயர். அந்தக் கலவை மொத்தப் பண்டத்தின் எடையில் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் 'சாக்லேட் தின்பண்டம்', அதாவது பொரியும் பிஸ்கட்டும் கூடுதல். டப்பாவைக் கவிழ்த்து அந்த முதல் வரியைப் பார்த்தாலே, நாம் காசு கொடுப்பது கோகோவுக்கா, வேறு எண்ணெய்க்கா என்று பாதி தெரிந்துவிடும். அரைச் சாக்லேட் என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. வேறு தாவரக் கொழுப்பு சேர்த்ததால் சில வகை வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும். மதுரைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு அதுவே நல்லது.

நம்மூரில் 'காம்பவுண்ட்' என்று விற்கிறோமே, ஏறக்குறைய அந்த வழி.

—

ரசீதுப்புலி:

நான் கணக்கு எழுதுகிறவன், டோக்கியோவில்தான். டப்பாவுக்குக் காசா, பண்டத்துக்குக் காசா என்று சிங்கைத் தம்பி கேட்ட கேள்வியை ஜப்பானிய வரித்துறையும் கேட்டிருக்கிறது, அதனால் உள்ளே வருகிறேன்.

2019 அக்டோபர் 1 முதல் விற்பனை வரி 10 சதவீதம், வீட்டுக்கு எடுத்துப்போகும் உணவுக்கு மட்டும் 8. அப்போது எழுந்த கேள்வி: படம் போட்ட டப்பாவில் இனிப்பு விற்றால் அது உணவா, அலங்காரப் பொருளா? பாத்திரம் பண்டத்தை விற்கத் தேவையான உறை என்றால் முழுவதும் உணவுக் கணக்கு, 8. பொம்மை உருவம் அச்சடித்த சாதாரண இனிப்பு டப்பாவை இந்தப் பக்கம்தான் சேர்க்கிறார்கள். ஆனால் பாத்திரமே தனியாகப் பயன்படுகிற பொருள், உதாரணமாகச் சாப்பாட்டுக்குப் பயன்படும் கண்ணாடிக் கிண்ணம், என்றால் இரண்டும் சேர்ந்த சரக்காகப் பார்ப்பார்கள். அப்போது வரி சேர்க்காத விலை 10,000 யென்னுக்குள் இருந்து, அதில் மூன்றில் இரண்டு பங்காவது உணவின் மதிப்பாக இருந்தால்தான் 8. இல்லாவிட்டால் மொத்தத்துக்கும் 10.

ரசீதைப் பாருங்கள், 8 சதவீதச் சரக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி போட்டிருப்பார்கள். குறி இருந்தால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் வாங்கியது இனிப்பு. துணிப்பை, குவளை, பொம்மைப் பெட்டி என்று வரும் அலங்காரச் செட்டுகளில் குறி இல்லாமல் வந்தால், இனிப்பு அதில் பெரிய பங்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

—

சிங்கை_தம்பி:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. சரி, சாதா டப்பாவை இனிப்பாகவே ஏற்றுக்கொள்கிறேன். துணிப்பையில் வருகிற செட் மட்டும் நான் சொன்ன கட்சி.

—

தகரப்பிரியன்:

துணிப்பைச் செட் வாங்குகிறவர்கள் பைக்காகத்தான் வாங்குகிறார்கள், அதில் தவறொன்றும் இல்லையே தம்பி. என் தங்கை அந்தப் பையில்தான் இன்னும் மருந்து மாத்திரை வைத்திருக்கிறாள்.

—

யொகோஹாமா_அக்கா:

கெடுவைப் பற்றி ஒரு வார்த்தை, ஊரில் இதனால் நிறையக் குழப்பம். ஜப்பானில் தேதி எழுதுவது வருடம், மாதம், நாள் என்ற வரிசையில். 26.4.8 என்று இருந்தால் 2026 ஏப்ரல் 8. ஊரில் அதை இருபத்தாறாம் தேதி, நாலாம் மாதம் என்று படிக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் தாங்கும் பண்டத்தில் வருடமும் மாதமும் மட்டும் போட்டால்கூடப் போதும் என்று விதி.

இரண்டு வகைக் கெடு உண்டு. ஒன்று 'இதுவரை ருசி குறையாது', இன்னொன்று 'இதற்கு மேல் சாப்பிடாதே'. டப்பா இனிப்பில் வருவது முதல் வகை. இரண்டாவது வகை கிரீம் கேக், பெட்டிச் சாப்பாடு மாதிரி சீக்கிரம் கெடும் பண்டத்துக்கு. அதனால் குக்கீ டப்பா தேதி தாண்டி ஒரு வாரம் ஆகிவிட்டது என்று பதறிக் கொட்டவேண்டாம், பிரித்து வாடை பார்த்து ஒன்று சாப்பிட்டுப் பாருங்கள். கிரீம் வகையில் அப்படிச் செய்யக்கூடாது.

இந்தத் தேதி விஷயத்தில் இங்கே ரொம்பக் கறாராக இருப்பார்கள். 2007-இல் ஹொக்கைடோவின் 'ஷிரோய் கோய்பிதோ' பிஸ்கட்டிலும் இசே நகரத்தின் 'அகாஃபுகு' மோச்சியிலும் தேதி விவகாரம் வெடித்து நாடே பேசியது. இரண்டுமே பெரிய பெயர் பெற்ற ஒமியாகே. அந்த ஷிரோய் கோய்பிதோவுக்குச் சப்போரோவில் ஒரு பூங்காவே இருக்கிறது, பிஸ்கட் செய்வதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், பிள்ளைகளோடு ஹொக்கைடோ போனால் கட்டாயம் போங்கள். வெள்ளைச் சாக்லேட்டை இரண்டு மெல்லிய பிஸ்கட்டுக்கு நடுவே வைத்தது, ருசியில் டிஸ்னி கிரஞ்சைவிட ஒரு படி மேல் என்பேன்.

—

காசாய்வாசி:

அக்கா சொன்னதில் ருசி விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஷிரோய் கோய்பிதோ வேறு தரம். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு நீட்டினால் எந்த டப்பாவை இழுத்துக்கொள்ளும் என்று நமக்கே தெரியும்.

மதுரை மல்லிக்கு: உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படி வாங்குவேன். பெரியவர்கள் உள்ள வீடுகளுக்குக் குக்கீ டப்பா, மூடி நன்றாக இறுகுகிற உருண்டை வகையாகப் பார்த்து, டப்பா அப்புறம் அவர்களுக்குப் பயன்படும். தெருப் பிள்ளைகளுக்குத் தகரம் வேண்டாம், அட்டைப் பெட்டியிலோ பையிலோ தனித்தனிப் பொட்டலமாக வரும் பிஸ்கட், எண்ணிக்கை அதிகம் கிடைக்கும், பெட்டியில் எடையும் குறையும். சாக்லேட் கிரஞ்ச் ஒரே ஒரு டப்பா, கைப்பையில், அதையும் வீடு சேர்ந்த அன்றே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைப்பதாக இருந்தால் டப்பாவோடு காற்றுப்புகாத பையில் போட்டு வையுங்கள், வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காதீர்கள், பொட்டலத்தின் மேல் வியர்த்து அந்த ஈரம் உள்ளே போகும். கடையில் கைப்பைக்குத் தனிக் காசு, ஊரிலிருந்து ஒரு துணிப்பை மடித்து எடுத்து வாருங்கள்.

—

மதுரை_மல்லி:

குறித்துக்கொண்டேன் அண்ணா. கடைசியாக ஒன்று. எதிர் வீட்டுப் பையனுக்கு வேர்க்கடலை ஆகாது, மூச்சுத் திணறி ஒருமுறை ஆஸ்பத்திரி வரை போய் வந்தான். அவனை மட்டும் விட்டுவிட்டு மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

—

யொகோஹாமா_அக்கா:

அவனுக்கும் வாங்கலாம், ஆனால் பார்த்து வாங்கணும். வேர்க்கடலை கட்டாயப் பட்டியலில் இருக்கிறது, பால், முட்டை, கோதுமை, இறால், நண்டு, சோபா (நூடுல்ஸ் செய்யும் பக்வீட் தானியம், கோதுமை இல்லை) இவற்றோடு. அக்ரூட் 2023-இல்தான் சேர்ந்தது. அதனால் பண்டத்தில் வேர்க்கடலை சேர்த்திருந்தால் அடிக்கட்டத்தில் கட்டாயம் எழுதியிருக்கும். பாதாம் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை, ஆனாலும் சேர்மான வரியில் தேடினால் தெரியும், ஃபினான்சியே என்றால் பாதாம் மாவு இல்லாமல் இருக்காது. அவனுக்கு மற்றக் கொட்டைகளும் ஆகாதா என்று அவன் அம்மாவிடம் முதலில் கேட்டுக்கொள்.

கட்டத்துக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி, இதே தொழிற்சாலையில் வேர்க்கடலைப் பண்டமும் செய்கிறோம் என்று ஒரு வரி சில டப்பாக்களில் இருக்கும். அந்த வரியைப் போடவேண்டும் என்று சட்டம் இல்லை, அதனால் வரி இல்லை என்பதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதே. ஒவ்வாமை அவ்வளவு கடுமையானது என்றால் டப்பாவின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அவன் அம்மாவுக்கு அனுப்பிக் கேட்டுவிட்டு வாங்கு. பிரித்துக் கொடுக்கும்போதும் எல்லாப் பொட்டலத்தையும் ஒரே தட்டில் கொட்டாதே, அவனுடையதைத் தனியாக, பிரிக்காத டப்பாவோடு அம்மா கையில் கொடுத்துவிடு. தின்பண்டம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதே கடையில் பென்சில், கைக்குட்டை எல்லாம் இருக்கிறது, பையன் அதற்கும் சந்தோஷப்படுவான்.